மாலை போட்ட அன்று ரயில் போய்விட்டது

ஒரு கையில் மாலை. மற்றக் கையை உயர்த்தி, மேட்டில் நிற்கிற ஜனங்களைப் பார்த்து "பொறுங்க, பொறுங்க" என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். எதிரே ரயிலிலிருந்து ஒரு மனிதர் இறங்குகிறார். மழைக்கோட்டு, தோல் பை, மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி. எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்கள் நான்கு பேர் அடிக்கிற அடியில் பிளாட்பாரத்துத் தகரக் கூரை அதிர்கிறது.

ரயிலின் பிரேக் இரும்பு சூடாகி ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறுகிறது. மாலையிலிருந்து ரோஜா வாசனை. இரண்டும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன்.

போன வாரம் வரை இந்தப் பத்திரிகையில் நான் ஜெயித்த கதைகளையே எழுதிவந்தேன். தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர், "ஐயா, நீங்கள் தோற்றதே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். தோற்றிருக்கிறேன், தம்பி. அதிகமில்லை. ஒரே ஒரு காலைப்பொழுது. இந்த வாரம் அதைச் சொல்கிறேன்.

ஒரு நிமிட ஸ்டேசன்

எங்கள் ஸ்டேசனைத் தேடி யாரும் வருவதில்லை. திம்புள்ளப் பக்கத்து மலையில், தேயிலைக்கு நடுவே, பாதை வளைகிற இடத்தில் இருக்கிறது. மூன்று பெட்டி நீளத்துக்குப் பிளாட்பாரம். ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, டிக்கெட் கொடுக்க ஒரு சன்னல். சன்னலுக்குப் பின்னால் பண்டா மாத்தயா, எங்கள் சிங்கள ஐயா. அவர்தான் அங்கே எல்லாம். டிக்கெட் கொடுப்பார், விளக்கைத் துடைப்பார், பிளாட்பாரத்தில் மேய வருகிற மாட்டையும் விரட்டுவார்.

காலையில் ஹட்டனுக்குப் போகிற ரயில் இங்கே ஒரு நிமிடம் நிற்கும். ஒரு நிமிடம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஐம்பது பேருக்கு மேல் ஏறிவிடுவார்கள். துணிக்கடையில், மருந்துக்கடையில், பேக்கரியில் நிற்கிற பெண்கள். மேல் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள். மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிய வயதானவர்கள். இந்த ரயிலை விட்டால் மெயின் ரோட்டுக்கு நாலு மைல் இறங்க வேண்டும். அங்கே வருகிற பஸ்ஸும் நிரம்பி வழிந்துதான் வரும்.

முன்பு ரயில் இங்கே நிற்காது. ஊதிக்கொண்டே போய்விடும். நிற்க வைத்தது யார் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்லும்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். தலையில் கோவாக் கூடை சுமந்து காய்கறி விற்றுத் தொடங்கியவன். அப்போது எனக்கு லொறியும் கிடையாது, காய்கறித் தோட்டமும் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மூன்று டிவிசன் ஆட்களிடமும் கைநாட்டு வாங்கினேன். கொழுந்துக் கறை படிந்த கட்டைவிரல்களுக்கு மையே தேவைப்படவில்லை என்று நான் சொல்வது வழக்கம். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கொழும்பில் ரயில்வே ஆபீசுக்குப் போனேன். நாளைக்கு வா என்றார்கள், போனேன். அடுத்த மாதம் வா என்றார்கள், அடுத்த மாதமும் போனேன். எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, கந்தோர்ப் பியோனே எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். உள்ளே இருந்த பெரியவர், "இந்த மனுஷனை இனி இங்கே பார்க்கக்கூடாது, ரயிலை நிறுத்திக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னாராம்.

இப்படித்தான் எங்கள் ஸ்டேசன் வந்தது. எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். இந்தப் பெருமையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வந்த கடிதம்

கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு நாள் பண்டா மாத்தயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கையில் சிங்களத்தில் ஒரு கடிதம். அவர் நாக்கில் முதலாளி எப்போதும் முதலாலிதான்.

"முதலாலி, ரயில் ரொம்பச் சுணங்குதாம். ஆள் ஏறாத சின்ன ஸ்டேசனில் இனி நிற்கத் தேவையில்லையாம். ஒவ்வொரு இடமாய்ப் பார்க்க ஒரு பெரிய மாத்தயா வர்றார். புதன்கிழமை நம்ம இடம். எத்தனை ஆள் ஏறுதுன்னு பார்த்து எழுதுவார்."

அவர் அத்தனையும் சொன்னார். என் காதிலும் அத்தனையும் விழுந்தது. ஆனால் மனதில் தங்கியது ஒன்றுதான்: பெரியவர் வருகிறார்.

அன்று சாயந்தரம் ரயிலை விட்டு இறங்கிய யோகேஸ்வரி என்னை வழியில் மறித்தாள். மேல் டிவிசன் பிள்ளை. பத்து வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள். புருஷன் கொழும்பில். இரண்டு பிள்ளைகள்.

"மாமா, நம்ம ஸ்டேசன எடுத்துருவாங்களாமே?"

"எவன் சொன்னது? நான் இருக்கிற வரைக்கும் எவன் எடுப்பான்?"

"நீங்க இருப்பீங்க மாமா. ரயிலு இருக்கணுமே."

"பேச்சப் பாரு!"

"வெளயாட்டு இல்ல மாமா. ரோடு சரிஞ்ச அன்னைக்கு ஒரு நாளு, புள்ளைக்குக் காச்சலு வந்தன்னைக்கு ஒரு நாளு லேட்டாப் போயிட்டேன். இன்னொரு நாளு லேட்டானா வரவே வேணாமுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இந்த ரயிலு நிக்காட்டி நான் மறுபடியும் கூடையத்தான் தூக்கணும்."

"நீ போய்ச் சேல மடி. மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

பார்த்துக்கொண்டேன். எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைத்தான் மேலே படித்தீர்கள்.

தொரை வருகிற வழி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு லொறிக்காரன், நாலு ஊர் பார்த்தவன், இப்படியா செய்வான் என்று நினைப்பீர்கள்.

நான் சின்னவனாக இருந்தபோது தோட்டத்துத் தொரை ஜீப்பில் வருவார். சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். தலையில் கட்டிய துண்டு கைக்கு வரவேண்டும். மழை பெய்தாலும் குடை மடங்க வேண்டும். ரோட்டில் ஒரு ஆள், ஒரு ஆடு, ஒரு கோழி நிற்கக்கூடாது. ஜீப் போனபின் கங்காணி, "இன்னைக்கு ரோடு சுத்தமா இருந்துச்சுன்னு தொரைக்குச் சந்தோசம்" என்பார். எங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஒருமுறை பெரிய தொரை ஒருவர் சீமையிலிருந்து நாங்கள் குடியிருந்த லயத்தைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு வீட்டுக் காம்பிராவுக்கும் வெள்ளை அடித்து, வளைவு கட்டி, எங்களை எல்லாம் மேல் மலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அவர் ஆளில்லாத லயத்தைச் சுற்றிப் பார்த்து, ரொம்ப வசதியாக இருக்கிறது, நெருக்கடியே இல்லை என்று எழுதிவிட்டுப் போனாராம்.

இந்தக் கதையை நானே எத்தனையோ மேடையில் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொன்ன வாய்க்குப் புரிந்தது, கைக்கும் காலுக்கும் புரியவில்லை. பெரியவர் ஒருவர் வருகிறார் என்றதும் என் கை தானாக வழியைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேலை. பிளாட்பாரத்தைக் கழுவினோம். மூங்கிலில் வளைவு கட்டி, சவுக்கு இலையும் கொழுந்தும் செருகினோம். நுவரெலியாவிலிருந்து ரோஜா மாலை வந்தது. மேட்டுப் பாதையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை கயிறு கட்டினேன். பெரியவர் இறங்கி, மாலை வாங்கி, உள்ளே போய் உட்காரும்வரை ஒருவரும் இடிக்கக்கூடாது. இவ்வளவு பெரிய ஆள் வந்திருக்கும்போது ரயில் அவருக்காக இன்னும் கொஞ்சம் நிற்காதா என்ன?

நிற்கவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கடைசிப் பெட்டியிலிருந்து கார்ட் எட்டிப் பார்த்தார். பிளாட்பாரத்தில் மாலையோடு ஒரு கிழவன், நான்கு தப்பு, பண்டா மாத்தயா. ஏற ஆளில்லை. பச்சைக் கொடியை ஆட்டினார். என்ஜின் ஊதியிருக்கும். தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேட்டில் நின்றவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை பொறுங்க என்று சொன்னது, அவர்களும் பொறுத்தார்கள்.

யோகேஸ்வரி ஒருத்திதான் பொறுக்கவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து, படியில் சறுக்கி, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். பெட்டி நகர ஆரம்பித்துவிட்டது. உள்ளங்கையால் பெட்டியின் பக்கத்தில் பட் பட்டென்று அடித்துக்கொண்டே பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடினாள். ரயில் வளைவில் திரும்பிப் பனிக்குள் போய்விட்டது.

தப்பு நின்றது. நான் போட்ட மாலையைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"ஏறுகிறவர்கள் எங்கே?"

நான் பெருமையாக மேட்டைக் காட்டினேன். "அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் மாத்தயா. உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் வரக்கூடாதே."

அவர் மேட்டைப் பார்த்தார், மூங்கில் வளைவைப் பார்த்தார், தப்பைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். பண்டா மாத்தயா எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "பூச்சியம்."

"மாத்தயா, இத்தனை பேர் நிற்கிறார்களே!"

"ஐயா, நான் எத்தனையோ ஊருக்குப் போகிறேன். தப்பு அடித்தால் எங்கேயும் ஐம்பது பேர் வருவார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் வேறு, ரயிலுக்கு வந்தவர்கள் வேறு. ஏறியதை நான் பார்க்கவில்லை."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. கட்டிய வளைவு, அடித்த தப்பு, திரட்டிய ஜனம் எல்லாமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன.

யோகேஸ்வரி திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. அதிகாரி நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"கயித்துக்கு அந்தப் பக்கம் கட்டிப் போட நாங்க என்ன மாடா மாமா? ஒங்க பெரியவருக்கு வழி விட்டீங்க, சரி. எங்களுக்கு எவன் வழி விடுவான்? இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கடைக்குப் போவேன்?"

எழுபது வயதைத் தாண்டிய நான் குனிந்து, பிளாட்பாரத்தில் உதிர்ந்து கிடந்த ரோஜா இதழ்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

பெயர்ப்பலகைக்குக் கீழே

எங்கள் ஸ்டேசனில் ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் பெயர்ப்பலகைக்குக் கீழேதான். ரயில் போய்விட்டதென்று கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொல்வதற்காக ஜனங்கள் கயிற்றைத் தாண்டி இறங்கி வந்து, பலகைக்குக் கீழே நெருக்கி நின்றார்கள்.

யாரும் நம்பரைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. முதலில் மருந்துக்கடைப் பெண்ணின் ஃபோன் அடித்தது. அடுத்தது பேக்கரிப் பையனுடையது. பிறகு மூன்று நான்கு ஒன்றாக. சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, சேவல் கூவுகிற சத்தம். நாங்கள் பேசி முடிப்பதற்குள் ஹட்டனில் ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது, இவர்கள் இறங்கவில்லை. அதுதான் விஷயம். ஒவ்வொரு முதலாளியும் கூப்பிடுகிறார்.

"ரயில்ல ஏறல மொதலாளி... இல்ல, வந்துச்சு... வந்துச்சு, நாங்கதான் ஏறல..."

"டீச்சர், இன்னைக்கு டெஸ்டுக்கு வர முடியல டீச்சர்..."

அதிகாரி தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் நாவலப்பிட்டியில் வேலை பார்த்தவராம், தமிழ் விளங்கும். ஒவ்வொரு ஃபோனாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்தவர்களை ஹட்டனிலிருந்து யார் தேடப்போகிறார்கள்?

யோகேஸ்வரியின் ஃபோன் கடைசியாக அடித்தது. அவள் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"வர வேணாமாம்."

அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும், இன்றைக்கே, இந்தக் காலையிலேயே. வேறு யோசனையே வரவில்லை.

என் லொறி மேட்டில், லீக்ஸ் மூட்டையோடு சந்தைக்குப் போக நின்றது. பின்கதவைத் திறந்து மூட்டைகளை நானே இழுத்து ஓரமாய் இறக்கினேன். தப்புக்காரர்கள் தப்பை வைத்துவிட்டுக் கைகொடுத்தார்கள்.

"ஏறுங்க! புள்ளைங்களும் கடைக்குப் போறவங்களும் மொத நடைக்கு. மத்தவங்களுக்குத் திரும்பி வர்றேன்."

"கயிறு கட்டிருக்கா மாமா, பாத்துச் சொல்லுங்க," என்று யாரோ ஒருத்தி சொல்ல, அத்தனை கோபத்திலும் ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு வேண்டியதுதான்.

அதிகாரிக்கும் ஹட்டனுக்குப் போக அடுத்த ரயில் மத்தியானம்தான். முன் சீட்டைக் காட்டினேன். அவர் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். மாலையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டார்.

படியில் நின்றது

ஹட்டனில் அந்தத் துணிக்கடை முதலாளி என்னைவிட முப்பது வயது இளையவர். நான் காய்கறி விற்ற காலத்தில் அவருடைய அப்பா என்னிடம் பேரம் பேசியவர். அந்தக் கடைப் படியில் யோகேஸ்வரியைப் பின்னால் நிறுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே நான்கு வாடிக்கையாளர்கள். பின்னால் நடைபாதையில் அதிகாரி.

"மொதலாளி, இந்தப் புள்ள நேரத்துக்கு வந்துச்சு. நான்தான் ஏற விடல. தப்பு என்னோடது."

"நீங்களா ஐயா? எதுக்கு?"

"ஒரு பெரியவருக்கு மாலை போடுறதுக்கு."

அவர் என்னையும் பார்த்தார், அவளுடைய ஒற்றைச் செருப்பையும் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கொழும்புக் கந்தோரில் எத்தனை நாள் உட்கார்ந்தேன், அப்போதுகூட இப்படி இருந்ததில்லை. கேட்பது சுலபம். தப்பு என்னோடது என்று சொல்வதுதான் மலை ஏறுகிற வேலை.

"சரி, உள்ள போ," என்றார் அவளிடம். "மொதல்ல ஒரு செருப்பு எடுத்துப் போடு. வாடிக்கக்காரவங்க முன்னால இப்படியா நிப்ப?"

அதிகாரி லொறிக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்: "ஐயா, பார்த்ததை எழுதிவிட்டேன், அதை அழிக்க மாட்டேன். ஆனால் இன்னொரு தடவை வருவேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். வரும்போது நீங்கள் எனக்கு ஒரு வணக்கம் சொன்னாலும் திரும்பிப் போய்விடுவேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன்

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் ஸ்டேசனுக்குப் போனேன். வளைவைப் பிரித்தேன். கயிற்றை அவிழ்த்து லொறியில் போட்டேன். எல்லோரிடமும் ஒன்றே ஒன்று சொன்னேன்: "யார் வந்தாலும் கண்டுக்காதீங்க. ரயில மட்டும் பாருங்க." பண்டா மாத்தயாவிடமும் சொன்னேன். "அதை உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள் முதலாலி," என்றார்.

எத்தனை வாரம் போனதோ. ஒரு மழைக் காலை. மேட்டுப் பாதையில் குடைகளோடு குடையாக ஒரு குடை இறங்கி வந்தது. குரங்குத் தொப்பி, மழைக்கோட்டு. சன்னலில் டிக்கெட் வாங்கியது. பையை மட்டும் மாற்ற மறந்துவிட்டார். அதே தோல் பை.

என் வலது கை தானாக மேலே எழும்பியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். நாக்கு "மாத்தயா" என்று சொல்லத் துடித்தது. பல்லைக் கடித்தேன். வாசகர்களே, நான் மண் சரிந்த பாதையில் லொறி ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அதற்கு அதைவிடப் பலம் வேண்டியிருந்தது.

ரயில் வந்தது. ஜனங்கள் எழுந்தார்கள். ஈரக் குடைகள் மடங்குகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல், ஒரு பாட்டியின் கிளினிக் கொப்பி கீழே விழுந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அதிகாரி முன்னதாக ஏறி, எண்ணுவதற்கு வசதியாகக் கதவிலேயே நின்றுகொண்டார்.

அவருக்கு நேர் பின்னால் யோகேஸ்வரி.

"உள்ள போங்க ஐயா, கதவ மறிச்சுக்கிட்டு! பின்னால எத்தன பேரு நிக்கிறோம்!" சொல்லிக்கொண்டே சோற்றுப் பையால் அவர் முதுகில் ஒரு தள்ளு. அவர் தடுமாறி உள்ளே போய்விட்டார். அந்த வழியாகப் பதினைந்து பேர் ஏறினார்கள். கொடி ஆடியது.

எங்கள் ஸ்டேசனில் ரயில் இன்றைக்கும் நிற்கிறது. நிற்கட்டும் என்று கடிதம் வந்து, பண்டா மாத்தயா அதைச் சன்னலுக்கு மேல் ஒட்டியிருக்கிறார். ஆனால் அது வருவதற்கு முன்னாலேயே, அன்று சாயந்தரமே, நான் யோகேஸ்வரியைப் பிளாட்பாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, காலையில யாரத் தள்ளுனேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியுமே. ஒங்க மாலைக்காரரு."

"தெரிஞ்சுக்கிட்டேவா தள்ளுன?"

"ரயிலு ஒரு நிமிசந்தான மாமா நிக்குது," என்றாள் அவள். பாண் ரொட்டிப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, மேட்டுப் பாதையில் மற்றவர்களோடு ஏறிப் போனாள்.